பேசப் பேச வந்துவிடுமா?

லத்தீன் ஆசிரியரான ஃபிரான்ஸுவா குவான் என்ற பிரெஞ்சுக்காரர், 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கற்றுக்கொள்வதற்காக ஹாம்பர்க் நகரத்துக்குப் போய் ஓராண்டு தங்கினார். போன வேகத்தில் ஓர் இலக்கண நூலையும் 248 ஒழுங்கற்ற வினைச்சொற்களின் அட்டவணையையும் பத்தே நாளில் நெட்டுருப் போட்டுவிட்டு, ஜெர்மன் வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்தார். ஒரு சொல்லும் புரியவில்லை. அறைக்குத் திரும்பி வேர்ச்சொற்களை மனப்பாடம் செய்தார். ஜெர்மன் இலக்கியவாதிகளான கெதேயையும் ஷில்லரையும் மொழிபெயர்த்துப் பார்த்தார். கடைசியில் அகராதியையே எடுத்து அதிலிருந்த முப்பதாயிரம் சொற்களையும் விழுங்கினார். அப்போதும் புரியவில்லை. இடையில் ஒரே ஒரு தடவை மனிதர்களிடம் பேசிப் பார்த்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். வெட்கப்பட்டு அதோடு விட்டுவிட்டார். தோற்றுப்போய் வீடு திரும்பினால் அங்கே இன்னோர் அதிர்ச்சி. அவர் கிளம்பியபோது சரியாகப் பேச்சு வராமல் இருந்த உறவுக்காரப் பையன், மூன்று வயதில், பிரெஞ்சில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

குவான் 1880இல் வெளியிட்ட நூலில் இருக்கும் கதை இது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் தன் முதல் மொழிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி வகுப்புக்குள் வரக்கூடாது என்பது அங்கே சட்டம். அன்றிலிருந்து இன்றுவரை, பேச்சு வழியாக மொழி கற்பிக்கிறவர்களுக்குக் குவானின் கதை செல்லக் கதை. அறையைப் பூட்டிக்கொண்டு படித்தவர் தோற்றார், வாயாடிய குழந்தை ஜெயித்தது, ஆகவே பேசு, பேசப் பேச வந்துவிடும் என்பார்கள்.

இதில் பாதி உண்மை. பல ஆண்டுகள் ஒரு மொழியில் பேசிக்கொண்டே இருந்தும் அது ஓரிடத்தில் நின்றுபோனவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வேலையும் நட்பும் அந்த மொழியில்தான் நடக்கும், ஆனால் வாக்கியம் மட்டும் வந்த புதிதில் இருந்ததுபோலவே இருக்கும். பேசினால் போதும் என்றால் இவர்களுக்கு ஏன் வரவில்லை?

முதலில், பேச்சு ஏன் இவ்வளவு கடினம் என்பதைப் பார்க்கலாம். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வியை முடித்து மற்றவர் பதிலைத் தொடங்கும் இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்தார்கள். சராசரி சுமார் 200 மில்லி விநாடி. ஜப்பானியர்கள் அதைவிட விரைவு, டேனிஷ்காரர்கள் கொஞ்சம் நிதானம். ஆனால் எந்த மொழியிலும் சராசரி அரை விநாடியைத் தாண்டவில்லை. இன்னொரு பக்கம், ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், தாய்மொழியில்கூட அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லத் தொடங்க 600 மில்லி விநாடி போல ஆகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். எதிராளி பேசி முடித்த பிறகு யோசித்தால் இந்த வேகம் வரவே வராது. அவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே அது எங்கே முடியும் என்று ஊகித்து, நம் பதிலை உள்ளே கட்டத் தொடங்கிவிடுகிறோம். ஒரே நேரத்தில் கேட்பதும் கட்டுவதும் நடக்கிறது.

புதிதாகக் கற்கிறவருக்கு இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் தலையில் இடம் இருக்கும். கேட்டால் கட்ட முடியாது, கட்டினால் கேட்க முடியாது. வேற்றுமை உருபு, கால விகுதி எல்லாம் சரிபார்த்து வாக்கியத்தைத் தயார் செய்து வாயைத் திறக்கும்போது, பேச்சு இரண்டு விஷயம் தாண்டிப் போயிருக்கும். அருமையான பதில்கள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் வரும்.

இதற்குப் பேச்சு தரும் முதல் மருந்து, முழுசாக எடுத்து வைக்கும் துண்டுகள். 'எனக்குத் தெரிஞ்சவரைக்கும்', 'அது இருக்கட்டும்', 'என்ன சொல்ல வர்றேன்னா' போன்றவற்றை நாம் சொல் சொல்லாகக் கோப்பதில்லை, ஒரே கட்டியாக எடுத்துப் போடுகிறோம். அப்படிப் போடும் இடைவெளியில் அடுத்த வாக்கியத்தை யோசித்துவிடலாம். 'வந்து...', 'அதாவது...' என்று இழுப்பதும் இதே வேலைதான். தமிழாசிரியர்கள் கண்டிக்கும் இந்த இழுவைகளைத்தான் வேற்றுமொழியில் முதலில் கற்க வேண்டும் என்பேன். மௌனமாக நின்றால் எதிராளி பேச்சை எடுத்துக்கொள்வார். இழுத்தால் காத்திருப்பார்.

இந்தத் துண்டுகள் பெரும்பாலும் புத்தகத்தில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் உச்சரிப்பு வேறாக இருக்கும். தமிழைப் புத்தகத்தில் படித்துவிட்டு வரும் ஒருவர் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். அவர் காதில் விழுவது 'வந்துட்ருக்கேன்'. எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையிலான இந்த இரட்டை வழக்கைப் பற்றி சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன் எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் அவ்வளவு இடைவெளி இல்லாத மொழிகளும் வாயில் தேய்ந்துதான் வருகின்றன. பிரெஞ்சில் 'எனக்குத் தெரியாது' என்பது பாடப்புத்தகத்தில் 'ஜ ந ஸே பா', பேச்சில் 'ஷே பா'. பாதி சொல் காணாமல் போய்விட்டது. காதால் கேட்டுப் பழகாதவருக்கு இது தெரிந்த வாக்கியம் என்றே தெரியாது. குவானின் முப்பதாயிரம் சொற்களுக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்கும். அவருக்குத் தெரிந்தது அச்சில் இருந்த சொற்கள்.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். ஜப்பானிய மொழியை ஓராண்டு புத்தகத்தில் படித்துவிட்டு, தமிழ் கற்கும் ஜப்பானியர் ஒருவருடன் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேச ஏற்பாடு செய்துகொண்டேன். அரை மணி ஜப்பானிய மொழி, அரை மணி தமிழ். டேண்டம் என்று இதற்குப் பெயர். 1960களின் பிற்பகுதியில் பிரெஞ்சு, ஜெர்மன் இளைஞர் சந்திப்புகளில் உருவான முறை. யாரும் யாருக்கும் பணம் தர வேண்டாம், இருவருமே ஆசிரியர், இருவருமே மாணவர்.

முதல் உரையாடலில் அவர் ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கேட்டேன். இரண்டு வாக்கியம் போனதும் நிறுத்தி, "மோஷி மோஷி?" என்றார். ஹலோ, இருக்கிறீர்களா? இருக்கிறேன் என்றேன். மறுபடி தொடங்கினார், மறுபடி "மோஷி மோஷி?" இணைப்பு சரியில்லை என்றே இருவரும் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, சரியில்லாதது நான். ஜப்பானிய மொழியில் கேட்கிறவர் சும்மா இருக்கக் கூடாது. "ஹாய்", "ஏஏ", "ஸோ தெஸ் நே" என்று சில விநாடிக்கு ஒருமுறை உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அய்ஸுச்சி என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. நான் மரியாதை என்று நினைத்துக் காத்த மௌனம், அவர் காதில் துண்டித்த இணைப்பு. பாடப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி இருந்தது, படித்தும் இருந்தேன். ஆனால் இரண்டு முறை "மோஷி மோஷி" வாங்கிய பிறகுதான் அது உள்ளே இறங்கியது.

கொஞ்ச நேரம் பேச்சு உடைந்தது, ஏன் உடைந்தது என்று தேட வேண்டியிருந்தது, அதனால் கற்றுக்கொண்டேன். பேச்சு எங்கே மொழியைக் கற்றுத்தருகிறது என்பதற்கு என் பதில் இதுதான். வழுக்கிக்கொண்டு ஓடும்போது அல்ல, தட்டி நிற்கும்போது.

பேச்சு தட்டுவது ஏதோ கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வது என்று நினைக்க வேண்டாம். மார்க் டிங்கமான்ஸேவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 12 மொழிகளின் சாதாரண உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்ததில், சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் 'என்ன?' என்று நிறுத்தியிருக்கிறார். இவர்கள் எல்லாரும் தாய்மொழியில், தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தவர்கள். அதே குழு இதற்கு முன்பு, காதில் விழாதபோது நாம் எழுப்பும் 'ஆ?' என்ற ஒலி ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது என்று காட்டியது. 2015இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. உலகமே ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை 'ஆ?' என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, நாம் மட்டும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவது எதற்கு?

கேட்பதிலும் தரம் உண்டு. வெறும் 'ஆ?' என்றால் எதிராளி சொன்னதையே இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். 'நேத்து யார் வந்தாங்க?' என்று கேட்டால் புரியாத அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வரும். 'உங்க அண்ணனா?' என்று ஊகத்தை முன்வைத்தால் அவர் ஆமாம், இல்லை என்று முடித்துவிடலாம். அந்த 12 மொழிகளிலும் மக்கள் தங்களால் முடிந்த அளவு குறிப்பாகத்தான் கேட்டார்கள். மொழி கற்கிறவருக்கு இதில் இரட்டை லாபம். எது புரியவில்லை என்று தனக்கே தெளிவாகிறது, எதிராளியும் அந்த இடத்தை மட்டும் உடைத்து, நிறுத்தி, வேறு சொல் போட்டுச் சொல்கிறார். 1980களில் மொழி கற்றல் ஆய்வாளர் மைக்கேல் லாங் முன்வைத்த கருத்தின் சாரம் இதுதான். கேட்பது புரிந்தால் மொழி தானாக வரும் என்று இன்னோர் ஆய்வாளரான ஸ்டீஃபன் கிராஷன் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. லாங், அது எப்படிப் புரிகிறது என்று கேட்டார். புரியாத இடத்தில் இருவரும் நின்று பேரம் பேசுகிறார்கள், அந்தப் பேரத்தில்தான் மொழி அவரவர் அளவுக்கு வெட்டிக் கொடுக்கப்படுகிறது என்றார்.

சரி, நிற்காமல் ஓடினால் என்ன ஆகும்? அதற்கு வெஸ் இருக்கிறார்.

ஆய்வாளர் ரிச்சர்ட் ஷ்மிட் 1983இல் எழுதிய கட்டுரையில் ஒரு ஜப்பானிய ஓவியருக்கு வைத்த பெயர் வெஸ். ஹவாயில் குடியேறியவர். ஆங்கில வகுப்பு எதற்கும் போகாமல் பேசிப் பேசியே கற்றவர். மூன்று ஆண்டுகள் ஷ்மிட் அவரைக் கவனித்தார். இந்தக் காலத்தில் வெஸ் பேச்சில் நன்றாகவே தேறினார். கதை சொல்வார், ஜோக் அடிப்பார், நாசூக்காக உதவி கேட்பார், அவர் பேச்சை மக்கள் விரும்பிக் கேட்பார்கள். ஆனால் பன்மை விகுதி, இறந்தகால விகுதி போன்ற இலக்கண விஷயங்களில் மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. விகுதி இல்லாவிட்டாலும் அவர் சொல்வது எல்லாருக்கும் புரிந்தது. நேற்று என்று ஒரு சொல் போட்டால் போதும், இறந்தகாலம் கேட்பவருக்குத் தானாக விளங்கிவிடும். பேச்சு எங்குமே தட்டவில்லை, ஆகவே திருந்த வேண்டிய அவசியமும் வரவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெஸ்ஸுக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. தனக்கு வேண்டிய ஆங்கிலம் தன்னிடம் இருக்கிறது என்று நினைத்தார். அது அவர் உரிமை. மொழி கற்கிற எல்லாரும் இலக்கண சுத்தமாகப் பேசியே தீர வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. ஆனால் 'பேசப் பேச வந்துவிடும்' என்று நம்பி, எல்லாம் வரட்டும் என்று காத்திருக்கிறவருக்கு வெஸ் ஓர் எச்சரிக்கை.

யாராவது திருத்தினால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். என் ஜப்பானிய நண்பரின் அரை மணித் தமிழிலிருந்து ஒரு காட்சி:

"எனக்கு மழை பிடிக்கிறேன்" என்றார்.

"அப்படியா? எனக்கும் மழை பிடிக்கும். ஆனா வெளியில போக வேண்டியதில்லைன்னா மட்டும்" என்றேன்.

சிரித்தார். "ஆமாம், ஆமாம். வீட்டில் இருந்தால் மிகவும் பிடிக்கிறேன்."

நான் திருத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். 'பிடிக்கும்' என்ற சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாக, அவர் மனம் நோகாமல், கையில் கொடுத்தாயிற்று. அவர் கேட்டது மழையைப் பற்றிய என் கருத்தை. வடிவம் காற்றோடு போனது. அவர் மீது தவறே இல்லை. எதிராளி சொல்வதன் பொருளைக் கேட்பதுதானே பேச்சு?

இந்த மாதிரி மறைமுகத் திருத்தத்தைப் பற்றி ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997இல் எழுதினார்கள். கனடாவில் ஆங்கிலக் குழந்தைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் வகுப்புகள் உண்டு. 1965இல் மான்ட்ரியாலை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில் தொடங்கிய முறை. அந்தக் குழந்தைகள் பல ஆண்டுகள் பிரெஞ்சிலேயே கேட்டுக் கேட்டு மிக நன்றாகப் புரிந்துகொண்டார்கள், ஆனால் பேசும்போது பிழைகள் போகவில்லை. புரிந்துகொள்ள இலக்கணம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை, பேசும்படி நெருக்கினால்தான் தேவைப்படும் என்று மெரில் ஸ்வெய்ன் 1985இல் வாதிட்டதற்கு இதுதான் பின்னணி. லிஸ்டரும் ரான்டாவும் இப்படிப்பட்ட வகுப்புகளில் ஆசிரியர்களின் திருத்தங்களை எண்ணினார்கள். பாதிக்கு மேல், 55 சதவீதம், நான் செய்ததைப் போலச் சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போகும் வகை. மாணவர்கள் மிகக் குறைவாகக் கண்டுகொண்டதும் அதைத்தான், 31 சதவீதம். ஆசிரியர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை நீ சொல்' என்று காத்திருந்த இடங்களில் மாணவர்கள் எல்லா முறையும் ஏதாவது ஒரு வகையில் எதிர்வினை காட்டினார்கள். கண்டுகொண்டதாலேயே கற்றுவிட்டார்கள் என்று ஆகாது. ஆனால் கண்டுகொள்ளாமல் கற்க முடியுமா?

முடியாது என்றுதான் ஷ்மிட்டே பின்னர் சொன்னார். வெஸ் கட்டுரைக்குப் பிறகு அவர் பிரேசிலில் சில மாதங்கள் தங்கிப் போர்ச்சுகீஸ் கற்றார். கொஞ்ச நாள் வகுப்பு, மீதி எல்லாம் அன்றாடப் பேச்சு. நாட்குறிப்பு எழுதினார், தன் உரையாடல்களை ஒலிப்பதிவும் செய்தார். சில்வியா ஃப்ரோட்டாவுடன் சேர்ந்து 1986இல் அதை ஆராய்ந்தபோது, அவர் வாயில் வந்த வடிவங்கள் பெரும்பாலும் 'ஓ, இதை இப்படிச் சொல்கிறார்களா' என்று நாட்குறிப்பில் குறித்து வைத்தவையாக இருந்தன. வகுப்பில் சொல்லித்தந்ததாலோ, காதில் அடிக்கடி விழுந்ததாலோ மட்டும் எதுவும் ஒட்டவில்லை. காதில் விழுவது வேறு, கண்டுகொள்வது வேறு. நம் மொழியில் 'கேட்டான், ஆனா காதில வாங்கலை' என்கிறோமே, அதேதான்.

அடுத்த வாரம் நானும் முறையை மாற்றினேன். "எனக்கு மழை..." என்று இழுத்து நிறுத்தினேன். "பிடிக்கிறே..." என்று தொடங்கியவர் நின்றார். நல்ல நீளமான மௌனம். "பிடிக்கும்?" என்றார், கேள்வியாக. ஆமாம் என்றேன். அதற்கப்புறமும் இரண்டு மூன்று முறை 'பிடிக்கிறேன்' வந்தது, ஆனால் வந்த உடனே அவரே நாக்கைக் கடித்துக்கொள்வார்.

இதையே வைத்து எதிராளியை வாத்தியார் ஆக்கிவிடவும் கூடாது. வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்தினால் உரையாடல் செத்துவிடும், குவானைப் போல வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஓர் உரையாடலுக்கு ஒரு பிழை, அதிகம் போனால் இரண்டு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது எங்களுக்கு ஒத்துவந்தது.

இந்த இடத்தில் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970களில் லிலி வாங் ஃபில்மோர், அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் ஐந்து குழந்தைகள் பள்ளியில் விளையாட்டுத் தோழர்களிடமிருந்து ஆங்கிலம் கற்பதைக் கூர்ந்து கவனித்தார். அவர்கள் கடைப்பிடித்த தந்திரங்களில் முதலாவது, கூட்டத்தில் சேர்ந்துவிடு, புரியாவிட்டாலும் புரிந்தமாதிரி நடி. தெரிந்த நாலு துண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு பேசத் தொடங்கிவிடு என்பது இன்னொன்று. நான் மேலே தலையாட்டாதே என்றேன், இந்தக் குழந்தைகள் தலையாட்டியே கற்றிருக்கிறார்கள். இது முரணாகத் தெரியும். விளையாட்டில் பந்து யார் கையில், அடுத்து யார் முறை என்பது கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஒரு சொல் புரியாவிட்டாலும் ஆட்டம் அதைப் புரியவைத்துவிடும். தவறாகப் புரிந்துகொண்டால் உடனே 'ஏய், அது இல்ல' என்று கத்துவார்கள். அதாவது பழுது பார்க்கும் வேலையை ஆட்டமே செய்கிறது. இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து, கண்ணெதிரே இல்லாத விஷயங்களைப் பேசும்போது இந்த வசதி கிடையாது. அங்கே நடித்தால் நடிப்புதான் மிஞ்சும். ஆகவே குழந்தை மாதிரி கற்க ஆசைப்படுகிறவர்கள் குழந்தை மாதிரி பேசுவதோடு, சேர்ந்து ஏதாவது ஒரு வேலையும் செய்ய வேண்டும். ஒரு மேசையைச் சேர்ந்து பூட்டிப் பாருங்கள், 'இதைப் பிடி', 'அந்தப் பக்கம் இல்ல', 'இன்னும் கொஞ்சம் இறுக்கு' எல்லாம் ஒரே மாலையில் வந்துவிடும்.

பேச்சுக்கு இன்னொரு எல்லையும் உண்டு, சொற்களின் எல்லை. ஆங்கிலத்தை வைத்து பால் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, அன்றாடப் பேச்சில் நூற்றுக்கு 95 சொற்களாவது புரிய சுமார் 3,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) போதும். 98 ஆக உயர்த்த 6,000 முதல் 7,000 வரை வேண்டும். நாவலோ செய்தித்தாளோ படிப்பதற்கு 8,000 முதல் 9,000 வரை. முதல் சில ஆயிரம் சொற்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றைக் கற்க அதைவிட நல்ல இடம் இல்லை. அதற்குப் பிறகு அதே குணம்தான் தடையாகிறது. எத்தனை நாள் பேசினாலும் அதே சொற்கள்தான் சுற்றி வரும். நல விசாரிப்பு, வேலை, தூக்கம், வானிலை என்று அரட்டை ஒரு சின்ன வட்டத்துக்குள் ஓடும். எங்கள் செவ்வாய்க்கிழமைப் பேச்சு ஆறாவது மாதத்தில் இப்படித்தான் சுற்றத் தொடங்கியது. இருவரும் ஒரே செய்தியைப் படித்துவிட்டு வந்து அதைப் பற்றிப் பேசுவது என்று மாற்றிய பிறகுதான் மறுபடி திணற ஆரம்பித்தோம். திணறல் திரும்பியதில் எனக்கு நிம்மதி.

நேரக் கணக்கையும் நேர்மையாகப் பார்த்துவிடலாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிப்பதில் நீண்ட அனுபவம் உள்ளது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு ஸ்பானிஷ் போன்ற மொழிகள் வேலைக்கு ஆகும் அளவுக்கு வர சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி நேரம், தமிழ் உள்ள பிரிவுக்கு சுமார் 1,100, ஜப்பானிய மொழிக்கு சுமார் 2,200 என்பது அவர்கள் நீண்ட காலம் சொல்லிவந்த மதிப்பீடு. தினம் அரை மணி பேசினால் ஓராண்டுக்கு 182 மணி நேரம் சொச்சம். 1,100ஐ எட்ட ஆறு ஆண்டு. தமிழிலிருந்து தொடங்குகிறவருக்கு எண்கள் வேறாக இருக்கும் என்பது சரிதான். வாக்கியத்தின் கடைசியில் வினை வரும் ஜப்பானிய அமைப்பு நமக்குப் பழகியதுதான், ஆங்கிலேயர் மாதிரி தலைகீழாக நின்று யோசிக்க வேண்டியதில்லை. ஆனாலும் முப்பதே நாளில் என்று யாராவது சொன்னால், இந்தப் பெருக்கல் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

இப்போது பேசும் செயலிகளும் வந்துவிட்டன. இரவு இரண்டு மணிக்கும் பேசும், சலிக்காது, சிரிக்காது. குவானுக்கு அப்போது ஒன்று கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்கம் தெளியவும், அந்த 200 மில்லி விநாடிப் பந்தயத்துக்கு வாயைப் பழக்கவும் இவை நல்லவை. எனக்கு உள்ள தயக்கம் ஒன்றுதான். நான் எவ்வளவு உடைத்துப் பேசினாலும் அதற்குப் புரிந்துவிடுகிறது. விகுதியை விழுங்கினாலும், சொல்லை மாற்றிப் போட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் வருகிறது. எதுவும் தட்டுவதில்லை. வெஸ்ஸின் நண்பர்களைவிடப் பெருந்தன்மையான நண்பர். தட்டச் சொல்லிக் கேட்டால் தட்டும்தான், ஆனால் கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்ற வேண்டுமே. மனிதர் என்றால், புரியாதபோது அந்தக் கண நேர மௌனமே காட்டிக்கொடுத்துவிடும்.

பேச்சு முடிந்த பிறகு வரும் பத்து நிமிடம், என் அனுபவத்தில், பேசிய அரை மணியைவிட விலை உயர்ந்தது. பால் பிம்ஸ்லர் 1967இல் முன்வைத்த நினைவு அட்டவணையில், புதுச் சொல்லை 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், ஒரு மணி நேரம், 5 மணி நேரம், ஒரு நாள் என்று இடைவெளியைக் கூட்டிக்கூட்டித் திரும்ப நினைவுபடுத்தச் சொல்கிறார். தட்டிய சொல்லுக்கு முதல் சில சுற்றுகள் பேச்சிலேயே நடந்துவிடுகின்றன. அவர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், இரண்டு நிமிடம் கழித்து அது மறுபடி தேவைப்படும். அதற்கு மேல் உள்ள சுற்றுகளுக்கு நோட்டுதான் துணை. நான் எழுதுவது புதுச் சொற்களை அல்ல, தட்டிய இடங்களை.

ஒரு பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. மழையில் மாட்டிக்கொண்டதைச் சொல்ல நான் "அமே கா ஃபுத்தா" என்றேன், மழை பெய்தது. அவர் உடனே, "ஆ, அமே நி ஃபுராரேதான் தெஸ் நே" என்றார். சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'மழையால் பெய்யப்பட்டீர்களா' என்று வரும். மழை தன்மீது வந்து விழுந்து தன்னைப் படுத்தியதைச் செயப்பாட்டு வினையில் புலம்பும் ஜப்பானிய வழக்கு. மறைமுகத் திருத்தம்தான். அவர் 'பிடிக்கும்' என்பதைத் தவறவிட்டதுபோல நானும் இதை மூன்று வாரம் தவறவிட்டிருக்கிறேன், நான்காவது முறை வந்தபோதுதான் காதில் வாங்கினேன். அது முதல் வரி, பக்கத்தில் டிக் இருக்கிறது. இரண்டாவது வரி, 'கிளம்பியிருக்க வேண்டும், ஆனால் கிளம்பவில்லை, இதை எப்படிச் சொல்வது?' அதற்கும் டிக் விழுந்துவிட்டது. மூன்றாவது, அவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஏதோ ஒரு சொல், காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் கிறுக்கியது. எந்த அகராதியிலும் அகப்படவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை கேட்க வேண்டும்.